நிறுவைக்குப் பின்

காசல்ரீத் தண்ணியில் பிளேன் இறங்குவது
கிழமைக்கு இரண்டு நாள். மூடுபனி விட்டால்.
ஓடுதளம் கிடையாது. ஒரு மிதவைப் பலகை,
ஒரு தகரக் கொட்டில், தராசு, நான்.

கயிறு பிடித்துக் கட்டுவது இருளப்பன்.
எண்ணெய் ஊற்றுவது கித்சிறி.
பெட்டி தூக்கத் தனியே ஆள் இல்லை;
யார் கை சும்மா இருக்கிறதோ அவர்.

வருபவர்களுக்கு ஒரே குழப்பம்,
யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு, யார் பார்க்க?
சிலர் தொப்பியைத் தேடிப்போய்
பைலட்டின் சட்டைப்பையில் செருகுவார்கள்.
அவர் சிரித்துக்கொண்டே அதை எடுத்து
இருளப்பனிடம் நீட்டுவார்.
கயிற்றை விட்டால் பிளேன் நகர்ந்துவிடும்.
ஒற்றைக் கையால் வாங்கிவிட்டு
நாள் முழுக்க அதற்காக வெட்கப்படுவான்.

சில்லறை தருபவர்களும் உண்டு.
வெளிநாட்டுச் சில்லறையை
அட்டனில் எந்தக் கடையும் மாற்றாது.
ஜாம் போத்தலுக்குள்
ஏழு நாட்டு ராசா ராணிகள்
நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள்.
கித்சிறியின் மகள் வந்தால்
அவர்களைக் கொண்டு கடை விளையாடுவாள்.

பனி இறங்கினால் பிளேன் வராது.
நூற்றுப் பதினான்கு படி கீழே கொண்டுவந்த பெட்டிகளை
நூற்றுப் பதினான்கு படி மேலே கொண்டுபோவோம்.
வராத பிளேனுக்கு யாரும் சந்தோசம் தருவதில்லை.
கோபம் தருவார்கள்.
அதற்கு மீதி கொடுக்கவேண்டியதில்லை.

எனக்கு ஒரே ஒரு சட்டம். நானே போட்டது.
நிறுக்க முன்னம் நீட்டினால் அது வேறு காசு.
முள் நின்று, சீட்டு எழுதி,
பெட்டி என் கையை விட்டுப் போனபிறகு தந்தால்
சந்தோசம்.

தராசுக்குப் பக்கத்தில் நின்று வளர்ந்தவள்.
கூடைக்கு, ஈரத்துக்கு, இன்னும் எதற்கோ என்று
கிலோவைக் கழிக்கிற பென்சிலை
ஏழு வயதில் எழுத்துக்கூட்டி வாசித்தேன்.
அம்மா இப்போதும் மலைக்குப் போகிறாள்.
முழுப் பேருக்குப் பதினெட்டுக் கிலோ வேண்டும் அவளுக்கு.
இருபதுக்கு மேல் ஆகாது எனக்கு.
ராத்திரிச் சோற்றில்
கிலோவில்தான் பேசிக்கொள்வோம்.

மாசியில் ஒருவர் வந்தார்.
சீட்டில் நித்தியராஜ், டொரண்டோ.
முதலில் இங்கிலீசு. நான் இருளப்பனைக் கூப்பிட்டது கேட்டு,
‘நீங்க எந்தத் தோட்டம்?’
சொன்னேன்.
தன்னுடையதை அவர் சொல்லவில்லை.

பெட்டியைத் தராசில் வைக்கும்போது பார்த்தேன்,
கைப்பிடியில் மடித்த ஐயாயிரம்.
முள் இருபத்துமூன்றில் நின்றது.
நோட்டை எடுத்து அவர் கையிலேயே வைத்தேன்.
‘மூணு கிலோ கூட. இறக்குங்க,
இல்லாட்டி கம்பனிக்குக் கட்டுங்க.’

காது வரைக்கும் சிவந்துவிட்டார்.
‘நான் அதுக்காகத் தரல தங்கச்சி.
குடுக்கணும், எப்புடிக் குடுக்கிறதுன்னு தெரியல.
நம்ம ஆளுக்கு நீட்ட
கை வரமாட்டேங்குது.’

முழங்காலிட்டுப் பெட்டியைத் திறந்தார்.
சட்டைகளுக்கு நடுவே தேயிலைப் பக்கெட்டுகள்,
தங்க எழுத்து, ஏற்றுமதித் தரம்,
அரைக் கிலோவாக ஆறு.
ஒவ்வொன்றாய்ப் பலகையில் அடுக்கினார்.
முள் இருபதுக்கு வந்து நின்றது.
சீட்டு எழுதினேன்.
‘இப்ப தரலாமா?’

காசென்றுதான் நினைத்தேன்.
அவர் அடுக்கைச் சற்றே என் பக்கம் தள்ளிவிட்டு
பிளேனில் ஏறிப் போனார்,
எதையோ மறந்துவிட்டவரைப் போல.

தோட்டத்தில் எங்களுக்குத் தருவது தூள்.
கித்சிறி அன்றைக்கே கேத்தலை வைத்தான்.
மூன்று பேரும் வெறுந்தேத்தண்ணி குடித்தோம்.
‘சாயம் பத்தாது’ என்றான் இருளப்பன்.

ஆளுக்கு இரண்டு. உடைத்தது என் கணக்கில்.
மிஞ்சிய ஒன்றை அம்மாவிடம் நீட்டினேன்.
‘அரைக் கிலோ.’

உள்ளங்கையில் ஏந்தி
கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள்.

‘ஈரம் கழிச்சா?’